நந்தினி கையில் இருப்பதெல்லாம் யாருடையது? பொன்னியின் செல்வன் பற்றி ஒரு விவாத இழை

பாலாற்று வாசகி (சத்துவாச்சாரி)

கல்கியின் சோழர் கால நாவல் பொன்னியின் செல்வன் என்று பேச்சு எடுத்தாலே, சோழர்களுக்கு எதிராகச் சதி செய்யும் பழுவூர் இளையராணி நந்தினி நல்லவளா கெட்டவளா என்கிற சண்டையில் போய் முடிகிறது. அந்தச் சண்டையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். கல்கி அவள் கையில் என்னென்ன பொருளைக் கொடுத்தார், அவை எங்கிருந்து வந்தவை என்று மட்டும் பார்ப்போம். அவளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் பல்லக்கு. அவள் முகத்துக்கு முன்னால் நமக்கு அறிமுகமாவதே அந்த மூடுபல்லக்குதான். பழுவூர்ச் சிற்றரசர் பெரிய பழுவேட்டரையர் தன் இளையராணியை வேறு எவனும் பார்த்துவிடக் கூடாது என்று திரை போட்டு மூடி வைத்த பல்லக்கு. ஆனால் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் அந்தப் பல்லக்கிலிருந்து இறங்குவது யார்? சதிகாரர்கள் அரியணையில் ஏற்ற நினைக்கும் மதுராந்தகத் தேவர். ஒரு பெண்ணை அடைத்து வைக்கச் செய்த பெட்டியில் ஒரு ராஜாவைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். இளையராணியின் பல்லக்கை எவனும் திறந்து பார்க்க மாட்டான் என்பதுதான் அந்தச் சதிக்கே அஸ்திவாரம்.

அடுத்தது மோதிரம். தஞ்சாவூர்ச் சாலையில், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் ஓலையோடு வரும் வந்தியத்தேவன் குதிரையைக் கொண்டுபோய்ப் பல்லக்கில் முட்டிவிட்டு, பல்லக்குதான் வந்து என் குதிரையை இடித்தது என்று கூச்சல் போடுவானே, அந்த இடம். திரை விலகுகிறது. உள்ளே இருப்பது மதுராந்தகர் என்று நினைத்து வந்தவன் திகைத்து நிற்கிறான். கொஞ்ச நேரப் பேச்சில் பனை இலச்சினை மோதிரம் அவன் கைக்கு வந்துவிடுகிறது. சின்னப் பழுவேட்டரையர் கட்டிக் காக்கிற கோட்டை, அவருடைய அண்ணன் வீட்டு முத்திரைக்கே திறந்துகொள்கிறது.

மூன்றாவது வாள். மீன் சின்னம் பொறித்த பாண்டிய வாள். மூன்றாம் பாகத்துக்கே 'கொலை வாள்' என்று பெயர் வைத்தார் கல்கி.

வரிசையாகப் பாருங்கள். பல்லக்கும் மோதிரமும் பழுவூருடையவை. வாள் பாண்டியருடையது. நள்ளிரவில் சக்கரவர்த்தி சுந்தர சோழரை நடுங்க வைக்க அவள் ஆவி வேடம் போடுகிறாளே, அந்த முகம் அவள் தாய் மந்தாகினியுடையது. தொடருக்குப் படம் வரைந்த மணியத்தின் ஓவியத்தில் நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோன அந்தக் கொண்டை, அது ஆண்டாளுடையது. அவளுக்கென்று ஒன்றாவது உண்டா? புலி, மீன், பனை என்று ஆளாளுக்கு ஒரு கொடி இருக்கிற கதையில், தகப்பன் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்த ஒருத்தி எல்லாருடைய சின்னத்தையும் இரவல் வாங்கி நடமாடுகிறாள். அவளுடைய கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் எல்லோரும் என்ன சொல்கிறீர்கள்?

காட்பாடி ஜங்ஷன்

அக்கா, படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இது வாராவாரம் வந்த தொடர்கதை. 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 மே வரைக்கும் கல்கி பத்திரிகையில ஓடினது. பத்திரிகையையும் பார்த்துக்கிட்டு, வாரம் தவறாம அத்தியாயமும் எழுதித் தரணும். அப்படி எழுதுற ஒருத்தர் பல்லக்குக்குள்ள இவ்ளோ அர்த்தத்தை வச்சிருப்பாரா?

எனக்குத் தோணுறது வேற. மூணு வாரம் வராத ஒரு பாத்திரம் திரும்ப வரும்போது வாசகனுக்கு ஞாபகம் வரணும் இல்லையா? அதுக்கு ஒரு அடையாளம் வேணும். பனைன்னா பழுவூர், மீன்னா மன்னனுக்காக உயிரையே குடுக்கிற பாண்டிய ஆபத்துதவிகள், தடியும் முன்குடுமியும்னா நந்தினியோட வளர்ப்பு அண்ணன் ஆழ்வார்க்கடியான். தொடர்கதைக்காரருக்கு இது தொழில் தேவை. நாம இப்போ அஞ்சு பாகத்தையும் ஒரே மூச்சுல படிக்கிறதால இதெல்லாம் கோத்து வச்ச மாதிரி தெரியுது.

பைண்டு புத்தகம் (வாலாஜா)

ஜங்ஷன் தம்பி சொல்லும் தொழில் தேவை உண்மைதான். எங்கள் வீட்டில் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய தொகுப்பு இருந்தது. அதில் படித்துத்தான் நான் வளர்ந்தேன். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு கொக்கியில் முடியும். அடுத்த வாரம் படம் போட்டுத் தொடங்கும். அந்தப் படத்தில் மோதிரமோ வாளோ ஓலையோ இருந்தால் போதும், கதை எங்கே விட்டது என்று ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் அடையாளமாக வந்த ஒன்று மூன்றரை வருஷம் வாசகனோடு இருந்துவிட்டால் அது அடையாளமாகவே நிற்குமா? பனை மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது கோட்டைக்குள் நுழைய ஓர் அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். பிறகு பெரிய பழுவேட்டரையர் அவளிடம் மயங்கிக் கிடப்பதைப் படிக்கிறோம். தம்பி அண்ணனை எச்சரிப்பதைப் படிக்கிறோம். அதற்கப்புறம் மோதிரம் என்றாலே, போர்க்களத்தில் அறுபத்துநான்கு விழுப்புண் பெற்ற ஒரு கிழவர் தன் குலத்தின் மானத்தையே கழற்றி அவள் விரலில் போட்டுவிட்டார் என்றுதான் மனதில் படுகிறது. கல்கி அதை முன்கூட்டித் திட்டமிட்டாரா என்பது எனக்கு முக்கியமே இல்லை. பொருளை அவர் கைவிடவில்லை, மறுபடி மறுபடி அவள் கையிலேயே வைத்தார். எழுத்தாளர் ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப ஒரே ஆள் கையில் வைத்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

திருவல்லத்தான்

எங்க ஊர்க்காரரைப் பத்தி யாரும் பேசலையே! வந்தியத்தேவன் யாரு? வல்லத்து வாணர் குலம். பொன்னையாத்தங்கரையில வில்வநாதேசுவரர் கோயில் கட்டளைக் கல்வெட்டுகள்ல வாணர்கள் பேர் இருக்குது. பெரும்பாணப்பாடின்னு நம்ம பக்கம் முழுக்க ஆண்ட வம்சம். முதலாம் பராந்தகன் வந்து அடிச்சதோட அந்த ராஜ்யம் போச்சு.

இந்த இழையில நான் சொல்ல வர்றது இதுதான். நந்தினி கையில இருக்கிறது எல்லாம் இரவல்னு வாசகி மேடம் சொல்றாங்க. அப்போ வந்தியத்தேவன் கையில இருக்கிறது என்ன? ஆதித்த கரிகாலன் எழுதின ஓலை ரெண்டு. நந்தினி குடுத்த மோதிரம். ஓலையும் அவனோடது இல்ல, மோதிரமும் அவனோடது இல்ல. கொடி இல்ல, நாடு இல்ல, குலத்தோட பழம்பெருமை மட்டும் இருக்கு. கதையிலேயே அடுத்தவன் சின்னத்தைச் சுமந்துக்கிட்டு அலையறவங்க ரெண்டே பேரு, அவளும் இவனும்.

அதனாலதான் பார்த்த முதல் நாளே அவனை நம்பி மோதிரத்தைக் கழட்டிக் குடுக்கிறா. அழகுல மயங்கிடுவான், வேலைக்கு ஆவான்னு கணக்குப் போட்டதும் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா அவளுக்கு அவன்மேல ஒரு தனி வாஞ்சை கதை நெடுக இருக்குது. எத்தனையோ முறை அவனை ஒழிச்சுக்கட்ட சந்தர்ப்பம் கிடைச்சும் விட்டுவிடறா. அவன் கிட்ட தன்னையே பார்த்தாள்னு நான் படிக்கிறேன்.

வித்தியாசம் என்னன்னா, அவனுக்கு நாடு போனாலும் வாணர் குலம்னு சொல்லிக்க ஒரு பேரு மிச்சம் இருக்கு. புலவர்கள் பாடின பாட்டு இருக்கு. அதைச் சொல்லிக்கிட்டு எந்த சபையிலயும் நெஞ்சை நிமிர்த்தி நிக்கிறான். அவளுக்கு அது கூட இல்ல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (இராணிப்பேட்டை)

அன்பர்களுக்கு வணக்கம். திருவல்லத்து நண்பர் நல்ல இடத்தைத் தொட்டார்.

சின்னம் என்று வந்துவிட்டால் நம் மொழியில் சிலம்பைத் தொடாமல் போக முடியாது. கண்ணகி பாண்டியன் அவையில் என்ன செய்தாள்? என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பில் முத்து என்றான் அரசன். அவள் தன் சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருள் அவளிடம் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த உறுதியில்தான் ஓர் அரசனை அவன் சபையிலேயே கேள்வி கேட்டாள்.

நந்தினிக்கும் ஒரு நியாயம் உண்டு. அடிபட்டு அவள் குடிசையில் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் உயிருக்காக அவள் கரிகாலனிடம் மன்றாடினாள். அவன் கேட்கவில்லை, தலையை வெட்டினான். இதை எந்த அவையில் போய் அவள் சொல்வாள்? எதை உடைத்துக் காட்டுவாள்? கண்ணகி பாண்டியன்மேல் வழக்குத் தொடுத்தாள். நந்தினி பாண்டியனுக்காக வழக்குத் தொடுக்க விரும்பியும், வாதியாக நிற்க அவளுக்கு ஒரு பெயர் இல்லை. ஆகவே வழக்கு சதியாகிவிட்டது.

ஆரணிப் பட்டு

ஐயா சிலம்பைச் சொன்னதும் எனக்குக் கூந்தல் ஞாபகம் வந்துவிட்டது. நம் வட ஆற்காட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு ஒரு பெண்ணின் சபதம் என்றால் முதலில் கண்ணில் வருவது பாஞ்சாலிதான்.

திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்த விழா பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. துகிலுரிதலன்று பாஞ்சாலி வேடக்காரர் அவிழ்த்துப் போடும் கூந்தல், படுகளம் வரைக்கும் முடியப்படாது. படுகளத்தன்று கோயில் எதிரே திடலில் துரியோதனனை மண்ணால் போட்டு வைத்திருப்பார்கள். மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான உருவம். மார்பில் வண்ணம் பூசி, கண்ணைப் பெரிதாக எழுதி, பார்க்கவே வயிற்றைப் பிசையும். பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் தொடையில் கதாயுதம் இறங்கும். உள்ளே வைத்திருக்கும் செந்நீர் மண்ணில் பரவும். அதைத் தொட்டுத் தடவி, பூ வைத்து, பாஞ்சாலியின் கூந்தலை முடிவார்கள். அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் பெண்கள் போடும் குலவையைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். சாயங்காலம் தீமிதி.

இப்போது நந்தினியின் ஆண்டாள் கொண்டையைப் பாருங்கள். பாஞ்சாலியின் சபதம் ஊருக்கே தெரியும், அவிழ்ந்த கூந்தலை யாரும் பார்க்கலாம். ஐந்து கணவன்மாரும் ஒரு குலமும் ஒரு கடவுளும் அவள் பின்னால் நிற்கிறார்கள், அதனால் அவளால் சபதத்தைத் தலையில் சுமந்து திரிய முடிகிறது. நந்தினியின் சபதமும் அதே அளவுதான், ஒருவனுடைய ரத்தம் வேண்டும் என்பதுதான். ஆனால் அவள் பகைவர் வீட்டுக்குள்ளேயே வாழ்கிறாள். கூந்தலை அவிழ்த்தால் மாட்டிக்கொள்வாள். அதனால் ஒரு பக்தையைப் போல, பூச்சூடி, அழகாக முடிந்து வைத்திருக்கிறாள். திருப்பாவை பாடி வளர்ந்தவள், ஆண்டாளாகவே ஆகியிருக்க வேண்டியவள் என்று ஆழ்வார்க்கடியான் உருகுகிறானே, அந்தப் பழைய நந்தினியின் வேடத்தைத்தான் புதிய நந்தினி போட்டுக்கொள்கிறாள். எனக்கு வாளைவிட இந்தக் கொண்டைதான் பயமாக இருக்கிறது.

காட்பாடி ஜங்ஷன்

ஆரணி அக்கா சொன்ன கூந்தல் விஷயம் உண்மையிலேயே புதுசு. ஆனா கொண்டையில பாதி மணியம் சார் வேலை இல்லையா? ஓவியர் வரைஞ்சதை நாவலாசிரியர் கணக்குல எழுதலாமா?

பைண்டு புத்தகம்

எழுதலாம். அந்தக் கதை வாசகனுக்கு வந்ததே எழுத்தும் படமும் சேர்ந்துதான். கல்கியும் மணியமும் இலங்கை வரைக்கும் ஒன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்த வேலை. தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

குடியாத்தம் கைத்தறி

எல்லாரும் வாள், மோதிரம், கூந்தல்னு போறீங்க. நான் முகத்துக்கு வர்றேன். வாசகி அக்கா ஒரே வரியில தாண்டிப் போய்ட்டாங்க, ஆனா எனக்கு அதுதான் இந்த நாவல்லயே ஆழமான இடம்.

எங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா உங்க எல்லாருக்கும் தெரியும். வைகாசி ஒண்ணாந்தேதி. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்ல இருந்து அம்மன் சிரசு கிளம்பும். தெரு முழுக்கத் தேங்காய் உடைச்சு, கால் வைக்க இடம் இருக்காது. கௌண்டன்யா ஆத்தங்கரையில கோபாலபுரம் கோயிலுக்கு வந்து, அங்க இருக்கிற சண்டாளச்சி உடம்புல அந்தச் சிரசை ஏத்துவாங்க. ரேணுகா கதை. பெத்த மகனே தலையை வெட்டி, மறுபடி உயிர் வரும்போது ஒருத்தி தலையும் இன்னொருத்தி உடம்பும் சேர்ந்துடுது. அந்தச் சேர்ந்த உருவத்தைத்தான் தாயேன்னு கும்பிடறோம்.

சின்ன வயசுல இருந்து அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நந்தினி மந்தாகினி வேடத்துல சுந்தர சோழர் முன்னாடி நிக்கிற கட்டத்தைப் படிச்சா அடிவயிறு கலங்கும். அந்த முகத்துக்காகத்தான் சோழச் சக்கரவர்த்தி வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கார். கலங்கரை விளக்கத்துல இருந்து குதிச்சுச் செத்துப்போனான்னு அவர் நம்பிக்கிட்டு இருக்கிற ஒருத்தியோட முகம். அதே முகத்தோட மகள் வந்து நிக்கிறா. தாயோட துக்கம் தலையில, தன்னோட வஞ்சம் உடம்புல.

அவ அம்மா ஊமை ராணியை யோசிச்சுப் பாருங்க. பேச்சு வராது, ராணின்னு பேருதான், ஒண்ணும் கிடையாது. ஆனா தன் கதையைத் தானே சித்திரமா வரைஞ்சு வச்சிருக்கா. சோழ இளவரசர் அருள்மொழிவர்மர் அதைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் புரிஞ்சுக்கிறார். பேசவே தெரியாதவளுக்குத் தன் கதையைச் சொல்ல ஒரு வழி இருந்துச்சு. பேச்சாலயே எல்லாரையும் வளைச்சுப் போட்ட மகளுக்கு, தன் கதையைச் சொல்ல வாயே இல்ல. யார் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்றா.

பாலாற்று வாசகி

கைத்தறித் தம்பி, இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய். இந்த இடத்துக்கு நான் வந்ததே இல்லை. சிரசு ஏற்றத்தை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. நன்றி.

வாள் பற்றி நான் சொல்ல நினைத்து விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன். நந்தினி அந்த வாளை எப்படி வைத்திருக்கிறாள் என்று கவனியுங்கள். போர்வீரன் வாளை இடுப்பில் தொங்கவிடுவான். இவள் பெட்டியில் பத்திரமாக வைத்து, தனியாக இருக்கும்போது எடுத்து, மார்போடு அணைத்துக்கொள்கிறாள், முத்தமிடுகிறாள். அந்த அறைக்குள் பெரிய பழுவேட்டரையர் நுழையும்போது அவர் முகம் எப்படி ஆகிறது என்பதையும் கல்கி எழுதுகிறார். கணவனிடம் காட்டாத அன்பை ஓர் இரும்பிடம் காட்டுகிறாள். பழிவாங்கும் வெறி என்று ஒரு சொல்லில் இதை அடக்கிவிட முடியாது. இழந்தவனுடைய மிச்சமாக அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கடம்பூரில் கடைசியில் என்ன ஆகிறது? விளக்கு போய்விடுகிறது. கரிகாலன் விழுகிறான். யார் கொன்றார்கள் என்று கல்கி உறுதியாகச் சொல்லவே இல்லை. எழுபது வருஷமாக நாம் அதைத் துப்பறிந்துகொண்டே இருக்கிறோம். நான் அதைத் துப்பறியும் புதிராகப் பார்க்கவில்லை. அந்த வாள் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும், அது அவளுடையது ஆகவே இல்லை என்பதும் தெரியும். இத்தனை நாள் கொஞ்சிய வாளை நேரம் வந்தபோது அவளால் தன் கருவியாகப் பிடிக்க முடிந்ததா? கரிகாலன் எதிரே நிற்கும்போது அவள் தடுமாறும் தடுமாற்றத்தைப் படித்துவிட்டு, முடிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திருவல்லத்தான்

பழியும் கடைசியில யார்மேல வந்து விழுது பாருங்க. எங்க ஊர்க்காரன் மேல. அவனுக்கு நாதியில்லேன்னு தெரிஞ்சுதானே விழுது. குலப்பெருமை மட்டும் இருந்து கொடி இல்லாதவனைத் தூக்கிச் சிறையில போட ஒரு நாழி ஆகாது.

காட்பாடி ஜங்ஷன்

சரி, நந்தினி விஷயத்துல ஒத்துக்கறேன். பொருள் எல்லாம் அவளைப் பத்திப் பேசுது. ஆனா இந்த முறை மத்தவங்களுக்கும் பொருந்தணும் இல்ல? பூங்குழலிக்குப் படகு. அது கடல்பொண்ணு, படகு இல்லாம எப்படி? அதுல என்ன குணம் தெரியுது?

பாலாற்று வாசகி

நிறையத் தெரிகிறது. நந்தினிக்கு நேர் எதிர் பூங்குழலி. அந்தப் படகை யாரும் அவளுக்குப் பட்டமாகக் கொடுக்கவில்லை. துடுப்புப் போடுவது அவள், திசை பார்ப்பது அவள். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அவள்தான். அவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றுப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறானே, அந்த நிலமும் அவளுடையது. எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் புதையும் என்று அவளுக்கு மனப்பாடம். கோடிக்கரையில் சக்கரவர்த்தியே வந்தாலும் அவள் சொல்கிற இடத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

அதே பெண்ணுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. இருட்டில் சதுப்பு நிலத்தில் எரிந்து எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, அவைதான் என் காதலர்கள் என்கிறாள். அங்கே தீ இல்லை, பிசாசும் இல்லை, சேற்றிலிருந்து கிளம்பும் வாயு பற்றிக்கொள்வதுதான் என்று வந்தியத்தேவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கிட்டப் போனால் எதுவும் இருக்காது என்று தெரிந்தே அதைக் காதலன் என்கிறாள். இளவரசர்மேல் வைத்த ஆசையை அவள் வெளியே சொல்வதற்கு முன்பே அந்த வெளிச்சம் சொல்லிவிட்டது. அவளுக்குத் தன் ஆசையின் கதி முதலிலேயே தெரியும். படகில் அத்தனை திடமாக இருப்பவள் கோடிக்கரை மண்டபத்தில் நின்று பித்துப் பிடித்தவள்போலச் சிரிக்கும்போது, அவளுடைய முழு ஆளும் நமக்குக் கிடைத்துவிடுகிறாள்.

சோழ இளவரசி குந்தவைக்கு இப்படி ஒட்டிக்கொண்ட பொருள் எதுவும் பெரிதாக இல்லை என்பதையும் பாருங்கள். புலிக்கொடி நிழலில் பிறந்தவள், அவள் எதையும் கையில் பிடித்துக்காட்ட வேண்டியதில்லை. ஓலை அனுப்பினால் வேலை நடக்கும்.

சேண்பாக்கம் மாணவி

இங்கே எல்லாரும் பெரியவங்க, நான் கல்லூரியில தமிழ் படிக்கிறேன். ரொம்ப நேரமாப் படிச்சுக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் கடம்பூர்ச் சம்புவரையர் மகள் மணிமேகலையைப் பத்தி எழுதலையேன்னு மனசு கேக்கல.

அவளுக்குக் கல்கி குடுத்த பொருள் கண்ணாடி. அண்ணன் கந்தமாறன் தன் நண்பனைப் பத்தி வீட்டுல சொல்லிச் சொல்லியே வந்தியத்தேவன்மேல அவளுக்கு ஆசை வந்துடுது. ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே மனசுல உருவம் வந்தாச்சு. அப்புறம் அதே அண்ணன், பெரிய இடத்துல சம்பந்தம் வருது, அவனை மறந்துடுன்னு சொல்றான். குடுத்தவனே பிடுங்கிக்கிறான். அவ கண்ணாடியில முகம் பார்க்கிறப்போ தன் முகத்துக்குப் பக்கத்துல அவன் முகம் தெரியுது. பிரமையா நிஜமான்னு அவளுக்கே தெரியல.

எனக்கு அது ஒரு பொண்ணோட ஆசைங்கிறதைவிட, அந்த வீட்டுல அவ இருந்த இருப்பைக் காட்டுதுன்னு தோணுது. அவளுக்கு வெளி உலகம் கண்ணாடி வழியாத்தான் வருது. அண்ணன் சொல்றதுதான் சேதி. நந்தினி சொல்றதுதான் யோசனை. கரிகாலனைக் கடம்பூருக்கு வரவழைக்க அவ கல்யாணத்தைத்தானே சாக்கா வச்சாங்க.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மாணவியின் பதிவைப் படித்து மகிழ்ந்தேன் அம்மா. ஆனாலும் ஒன்று. கண்ணாடியில் காதலன் முகம் தெரிவது நம் கதை மரபில் வழக்கமாக வரும் ஒன்று. பருவப் பெண்ணின் மயக்கத்தைக் காட்ட அதைவிட எளிய உத்தி இல்லை. நந்தினியின் வாளுக்கு உள்ள கனம் அதற்கு உண்டா?

கடம்பூர் என்றதும் ஓர் இடைச்செருகல். சம்புவரையர் என்ற பெயரை நம் மாவட்டத்தார் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது. பிற்காலத்தில் படைவீட்டைத் தலைநகராக வைத்து நம் பகுதியை ஆண்டவர்கள் சம்புவராயர்கள். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது ஒரு பாதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள். இளைஞர்கள் படைவீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

சேண்பாக்கம் மாணவி

ஐயா, கனம் இருக்குன்னுதான் நினைக்கிறேன். கரிகாலன் செத்ததுக்கப்புறம் மணிமேகலை என்ன செய்யறான்னு பாருங்க. வந்தியத்தேவனைக் காப்பாத்த, நான்தான் கொன்னேன்னு அவளே சொல்றா. யாரும் அவளைக் கேக்கல. அது வரைக்கும் அடுத்தவங்க சொன்னதை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தவ, முதல் தடவையா தானா ஒண்ணு சொல்றா. பொய்தான், ஆனா அது முழுக்க அவளே யோசிச்சுச் சொன்னது.

நந்தினி அடுத்தவங்க சின்னத்தை எல்லாம் தன் காரியத்துக்கு எடுத்துக்கிட்டா. மணிமேகலை அடுத்தவங்க செஞ்ச கொலையைத் தன்னோடதுன்னு எடுத்துக்கிட்டா. ரெண்டு பேரும் ஒரே அறையில, ஒரே ராத்திரியில இருந்தவங்க. நந்தினி அவளைத் தோழின்னு கொஞ்சிக் கொஞ்சி உபயோகப்படுத்தினா. ஆனா அந்த ராத்திரிக்கப்புறம் பழியைச் சுமக்க முன்வந்தது அந்தச் சின்னப் பொண்ணுதான்.

கடைசி அத்தியாயத்துல அவளுக்கு என்ன ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதை நான் எழுத விரும்பல. கல்கி அஞ்சு பாகத்தையும் முடிச்சது அருள்மொழியோட இல்ல, குந்தவையோட இல்ல, இவளோட. அப்படி முடிக்கணும்னு அவருக்குத் தோணிச்சுன்னா, அந்தக் கண்ணாடி வெறும் பருவ மயக்கத்துக்காக வச்சது இல்லன்னு நான் உறுதியா சொல்வேன். நாலாம் பாகத்துல அவ வர்ற அத்தியாயங்களை மட்டும் தனியா எடுத்து ஒரு தடவை படிச்சுட்டு வாங்க ஐயா, அதுக்கப்புறம் பேசலாம்.